இணைப்பு: மனு நகல்

தாளின் இடது ஓரத்தில் உன் கட்டைவிரல் தடம் இன்னும் மினுங்குகிறது. மூன்று வருஷம் பதிவறையில் வெள்ளைக் கயிறு கட்டிக் கிடந்த கோப்பு. மேலே ஒட்டிய பத்து ரூபாய் கட்டண வில்லை மங்கிவிட்டது. நீ எழுதிய நீல மை ஓரிரண்டு இடத்தில் பரவியிருக்கிறது. தடத்தில் ஒட்டிய அலுமினியத் தூள் மட்டும் நேற்றுப் பட்டது போல இருக்கிறது. அன்றைக்கு நீ கம்பெனியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்திருந்தாய். கையைக் கழுவிவிட்டுத்தான் பேனாவைப் பிடித்தாய். சோப்பு எடுத்துக் கொடுத்தது நான். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

போன மாதம் பழைய கோப்புகளைப் பிரிக்கச் சொன்னார்கள். கிழிக்க வேண்டியவை ஒரு பக்கம், வைத்துக்கொள்ள வேண்டியவை ஒரு பக்கம். உன் கோப்பு கையில் வந்தது. திறந்தேன், விரலைப் பார்த்தேன், மூடினேன், கிழிக்கிற பக்கம் வைத்தேன். பிறகு டீ வந்தது, குடித்தேன். நீ போனதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படி.

அதற்கு ஒரு வாரம் கழித்து உன் மகள் செல்வி அலுவலகத்துக்கு வந்தாள். அவள் வந்ததைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். கோப்பு எழுதியே பழகிய புத்தி.

பத்தாம் வகுப்பு வரை நாம் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நான் விருதுநகர் கல்லூரிக்கு பஸ் ஏறினேன், நீ பட்டாசு கம்பெனி வேனில் ஏறினாய். நான் பரீட்சை எழுதி ஒன்றிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு நீ பட்டம் கொடுத்தாய்: ஆபீசரம்மா. நான் ஆபீசர் இல்லை, உதவியாளர் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாய். “நாற்காலியில உக்காந்தா எல்லாரும் ஆபீசருதான்” என்பாய். உன் வேலை தரையில் உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பது. சாயங்காலம் நீ வேனை விட்டு இறங்கினால் முழங்கை வரை வெள்ளியாக இருப்பாய். “பாருடி, வெள்ளி வளையல் எல்லாம் எனக்கு எதுக்கு” என்று கையை ஆட்டிக் காட்டுவாய்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த மறுவருஷம் அது. எங்களைப் பயிற்சிக்கு விருதுநகர் கூட்டிப்போனார்கள். அதற்கு முன்பு, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வெளியாள் மேசைக்கு வந்தால் கோப்பை மூடு. கழிப்பறைக் கதவு மாற்றுகிற மதிப்பீட்டைக்கூட நாங்கள் யாராவது வந்தால் மூடி வைப்போம். அப்படி இருந்த அலுவலகத்தின் வாசலில், யாரும் எதையும் கேட்கலாம் என்று பெயின்ட்டில் எழுதிய பலகை வந்தது. மனுக்களை வாங்கிப் பதில் தயாரிக்கிற சீட், அந்த மேசைப் பொறுப்பு, எனக்கு வந்தது. எனக்கு அதில் பெருமை இருந்தது. வீட்டில் ஜன்னல் வைத்தது போல ஒரு சந்தோஷம். உன்னிடம் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தாய். நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏ ஆபீசரம்மா, ஒரு ரூமுக்கு எத்தன வாசல் இருக்கணும்னு ஒங்க ஆபீசுல எழுதி வச்சிருப்பாகல்ல?”

“எந்த ரூமுக்கு?”

“நான் மருந்து அடைக்கிற ரூமுக்குத்தான். ஒன் வீட்டு அடுப்பாங்கரைக்கா கேக்கப் போறேன்?”

நான்கு பேர் உட்காருகிற அறைக்கு நான்கு பக்கமும் வாசல் இருக்க வேண்டும்; தீப்பொறி பட்டால் எந்தப் பக்கமும் ஓடலாம். இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். அந்த வருஷம் சீசனுக்கு ஆர்டர் அதிகம் வந்ததால், உன் அறையை ஒட்டியிருந்த காலி இடத்தில் கம்பெனி புது அறை கட்டிவிட்டது. உன் அறையின் இரண்டு வாசல்கள் சுவராகிவிட்டன.

“மிச்ச ரெண்டுல ஒண்ணுல பெட்டிய அடுக்கிப்புடுறாக. ஒத்த வாசலுக்கு நாலு பொம்பளைக. தீப்புடிச்சா என்ன, ரேஷன் கட மாதிரி வரிசையில நின்னா போவோம்?”

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மாவுக் கையோடு உனக்குச் சட்டம் சொல்ல ஆரம்பித்தேன். கம்பெனிக்கு ஊராட்சி கட்டட அனுமதி கொடுத்தபோது ஒரு வரைபடம் இருக்கும், அது எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும், அதன் நகலைக் கேள், அதில் புது அறை இல்லை என்றால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்றேன்.

“எதுக்குக் கேக்கேன்னு கேக்க மாட்டாகளா?”

“கேக்கக் கூடாது. காரணமே எழுத வேண்டாம்.”

“பேரு?”

“பேரும் விலாசமும் எழுதணும். இல்லாட்டி யாருக்கு அனுப்புறது?”

“கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வேன்ல ஏத்த மாட்டாக. செல்வி பத்தாவது படிக்கா. பாத்துக்கோ.”

“தெரியாதுடி. அது என் சீட். எங்கைய விட்டு ஒம்பேரு வெளிய போகாது.”

“சத்தியமா?”

“சத்தியம் எதுக்கு, நான் இருக்கேன்ல.”

அதற்குப் பிறகுதான் சோப்பு கேட்டாய். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து எழுதினாய். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா அழைப்பை எல்லாம் உன்னைத்தான் எழுதச் சொல்வார்கள். ஒவ்வொரு எழுத்தும் உருட்டி வைத்த மாதிரி இருக்கும். இருபத்தைந்து வருஷம் மருந்து அடைத்தும் அந்த எழுத்து மாறவில்லை. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை.

சட்டத்தில் ஒரு வழிமுறை உண்டு. கேட்கிற தாள் வேறொருவருடையது என்றால், கொடுப்பதற்கு முன் அவரிடம் ஆட்சேபம் உண்டா என்று கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். வரைபடம் கம்பெனியுடையது. அதனால் கம்பெனிக்கு ஒரு கடிதம் போக வேண்டும். கேட்டது யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியில் இதைப் பற்றிக் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டதே நான்தான்.

அன்று கம்ப்யூட்டர் ஓடவில்லை. கடிதத்தைக் கையால் எழுதினேன். உன் பெயர் வருகிற இடத்தில் “மனுதாரர் ஒருவர்” என்று எழுதினேன். உன் ஊர்ப் பெயரை எடுத்தேன். பெண் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு வாக்கியத்தை மாற்றினேன். மூன்று தடவை படித்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அனுப்புகைப் பிரிவுக்குக் கொடுத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். பகல் பதினொரு மணிக்கு நீ அலுவலகத்துக்கு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அந்த நேரத்தில் உன் கையைச் சுத்தமாகப் பார்த்தது அன்றுதான்.

“வேல போயிருச்சுடி.”

“என்ன சொல்ற?”

“போர்மேன் வேன் வாசல்லயே மறிச்சுட்டான். ‘என்னக்கா, ரூம எண்ணுனீகளாமே. இனிமே வீட்ல இருந்து அடுப்பாங்கரைய எண்ணுங்க’ங்கான். அம்புட்டு பேரும் வேனுக்குள்ள இருந்து பாக்காளுக. சட்டப் பையில இருந்து ஒரு ஜெராக்ஸ எடுத்து விரிக்கான். எங்கையெழுத்துடி. நான் எழுதுன மனு, அப்படியே.”

“நீ என்ன சொன்ன?”

“நான் விடுவனா? ‘எழுத்து நல்லாருக்குல்ல தம்பி, பிரேம் போட்டு மாட்டிக்கோங்க’ன்னுட்டு எறங்கிட்டேன்.” சிரித்தாய். பிறகு சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்தாய்.

“யாரு குடுத்திருப்பா?” என்று நான் கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். இதையாவது நீ நம்ப வேண்டும்.

“வேற யாரு, எங்க ஊராட்சிக் கிளார்க்குதான். போர்மேன் அவனுக்கு மச்சான் மொறை. ஒங்க ஆபீசுக்கு வந்து டீ குடிக்கான்ல, அப்ப மேசைய எட்டிப் பாத்திருப்பான். அவன் முழியே சரியில்ல.”

“இருக்கும்” என்றேன்.

அந்த ஒரு சொல் அன்று பொய் இல்லை. மறுநாள் காலை பத்தே காலுக்குப் பொய் ஆகிவிட்டது.

கோப்பை எடுத்து அலுவலக நகலைப் பார்த்தேன். “மனுதாரர் ஒருவர்” என்று அழகாக எழுதியிருந்தேன். கடிதம் முடிந்து, கீழே இடது பக்கம், என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு: இணைப்பு: மனு நகல்.

தெருவிளக்கு எரியவில்லை என்று மனு வரும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு வரும். உரியவருக்கு ஒரு கடிதம் எழுதி, கீழே “இணைப்பு: மனு நகல்” என்று போட்டு அனுப்புவோம். பதினெட்டு வருஷம் அதை எழுதியிருக்கிறேன். கடிதத்தை முடித்தால் கை தானாகக் கீழே இறங்கி அதை எழுதிவிடும். மூன்று தடவை படித்தேன் என்றேனே, மூன்று தடவையும் கண் அதற்கு மேல் வரியோடு நின்றுவிட்டது. அனுப்புகையில் இருந்த பெரியவர் அந்த வரியைப் பார்த்து, உன் மனுவை ஜெராக்ஸ் எடுத்து, குண்டூசி குத்தி, உறையில் போட்டிருக்கிறார். அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார்.

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். உன் ஊர் வழியாகப் போகிற தாயில்பட்டி பஸ் வந்தது, நின்றது, போனது. அடுத்தது வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு நடந்தேன். முதலில் வேலை போய்விடுமோ என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன். அது இல்லை. நீ திட்டினால் தாங்கிக்கொள்வேன். நீ சிரித்துவிட்டு “போகுது விடு” என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. கடைசியில் பெரிய காரணம் ஒன்று வைத்துக்கொண்டேன்: அலுவலக விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. உன் பெயரைக் காப்பாற்ற முடியாத எனக்கு, என் பெயரைக் காப்பாற்ற அந்த விதி நன்றாகப் பயன்பட்டது.

கம்பெனி ஆட்சேபம் எதுவும் எழுதவில்லை. முப்பது நாள் கெடு முடிவதற்குள் வரைபடத்தின் நகலை உனக்கு அனுப்பினோம். அதை மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்து என் சமையலறையில் விரித்தாய். கட்டத்துக்கு நான்கு பக்கமும் கோட்டில் சின்னச் சின்ன இடைவெளி. “பாருடி, நாலு வாசல். நான் என்ன பொய்யா சொன்னேன்” என்று ஒவ்வொன்றிலும் விரலை வைத்துக் காட்டினாய். வேலை போனதைவிட அது உனக்குப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் காபி ஆற்றினேன்.

அடுத்த மாதம் புது அறையை அவர்களே இடித்துவிட்டார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை, வரைபடம் வெளியே போய்விட்டது என்று தெரிந்ததும் இடித்தார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்த லட்சுமி உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

“நாலு வாசலும் தெறந்தாச்சாம்டி. அதுக்கும் என்னையத்தான் வையுதாளுகளாம். இப்ப மத்தியானம் வெயிலு நேரா மூஞ்சில அடிக்குதாம்.”

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நிஜமாகவே சிரித்தோம். உன்னோடு சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது இருந்து எனக்கு மறந்திருக்கலாம்.

வேறு கம்பெனிகளில் கேட்டாய். விஸ்வநத்தம் போனாய், நாரணாபுரம் போனாய். ஆள் தேவை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்த இடத்தில்கூட, பெயரைக் கேட்டதும் ஆள் வேண்டாம் என்றார்கள். “எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும் எம்பேரு எனக்கு முன்னாடி போயி நிக்குதுடி” என்றாய். அதைச் சொல்லும்போது நீ சிரிக்கவில்லை. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாய். அதுவும் நின்றது. நான் அங்கன்வாடியில் ஆயா வேலைக்குச் சொல்லிப் பார்த்தேன். வயது தாண்டிவிட்டது என்றார்கள்.

அப்புறம் ஒரு நாள் வேலை கிடைத்துவிட்டது என்று வந்தாய். முழங்கை மறுபடியும் வெள்ளியாக இருந்தது. எங்கே என்று கேட்டேன்.

“கருவேலங்காட்டுக்கு உள்ளார. நாலு கம்பு நட்டு தகரம் போட்டிருக்காக. அங்கன பேரேடு எல்லாம் கெடையாது. வந்தா வேல, போனா போச்சு. எம்பேர என்னன்னுகூட கேக்கல. எனக்கு அதுதான தோது?”

பேரேடு இல்லாத இடம் என்றால் அனுமதி இல்லாத இடம். எனக்குத் தெரியும். நான் உட்காருகிற மேசையிலிருந்தே ஒரு தாள் எழுதி மேலே வைத்திருக்கலாம். எழுதினால் அந்த வேலையும் போகும். எழுதவில்லை. “செல்விகிட்ட சொல்லாத, வையுவா” என்றாய். அதையும் காப்பாற்றினேன். உனக்கு நான் காப்பாற்றிக் கொடுத்த ரகசியம் அது ஒன்றுதான்.

வெடி விபத்து நடந்த அன்று சத்தம் அலுவலகம் வரைக்கும் கேட்கவில்லை. போன்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கிடைத்த, இறந்தவர்கள் பட்டியலைச் சுத்தமாக டைப் செய்து கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். உட்கார்ந்து அடித்தேன். ஊர், பெயர், வயது. கடைசி வரி: பெயர் தெரியாத பெண், வயது நாற்பதுக்கு மேல். பெயருக்குப் பக்கத்தில் வருகிற காற்புள்ளியைச் சரியாகப் போட்டேன். ஒரு தடவை படித்துப் பார்த்து அனுப்பினேன்.

நான்கு மணிக்குச் செல்வி போன் செய்தாள். “சித்தி, அம்மா இன்னும் வரல. அந்தப் பக்கம் வெடிச்சிருச்சுங்காக. அம்மா எங்க வேலைக்குப் போனாக? ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு நின்றார். உன் தூக்குவாளியை நான் அடையாளம் சொன்னேன். மூடியில் உன் பெயரைப் பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டித் தந்திருந்தார்கள். அந்தப் பக்கம் நெளிந்து போயிருந்தது. “நீங்க யாரும்மா?” என்றார். “கூடப் படிச்சவ” என்றேன். “பேரு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்றார். சொன்னேன். உன் பெயர், உன் அப்பா பெயர், ஊர், தெரு, கதவு எண். அவர் மெதுவாக எழுதினார், நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் கையை விட்டு வெளியே போகாது என்று நான் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக அந்த நோட்டுக்குள் போனது. இருக்கக் கூடாத தாளில் இருந்ததால்தான் உன் பெயர், இருக்க வேண்டிய தாளில் இல்லாமல் போனது. அதை அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. கதவு எண் பதினாலா, பதினாறா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதினாறு.

காரியத்தன்று உங்கள் ஊராட்சிக் கிளார்க் வந்திருந்தார். பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, “மேடம், ஒங்க கூட்டாளி கடைசி வரைக்கும் எம்மூஞ்சியப் பாத்து பேசலயே. எம் மக காதுகுத்துக்கும் வரல. நான் என்ன செஞ்சேன்?” என்றார். தெரியவில்லை என்றேன். அன்றே செல்வியும் கேட்டாள்: “சித்தி, அம்மா ஏன் நல்ல கம்பெனிய விட்டுட்டு அங்க போனாக? ஏதோ மனு குடுத்தாகளாமே?” அலுவலக விஷயம் சொல்லக் கூடாதும்மா என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். கழுத்தில் அடையாள அட்டையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு தாள். மேலே பத்து ரூபாய் வில்லை.

“இத ஒங்ககிட்டதான குடுக்கணும் சித்தி?”

“எதுக்கும்மா மனு? என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?”

“கேட்டேன்ல சித்தி. நீங்க சொல்லல.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். மனுவைப் படித்தேன். என் தாயார் கொடுத்த மனுவின் மீது நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதன் நகல், கம்பெனிக்கு அனுப்பிய கடிதம் உட்பட. உன் எழுத்துப் போலவே உருண்டையாக எழுதியிருந்தாள். வாங்கி, எண் போட்டு, ஒப்புகைச் சீட்டு கொடுத்தேன்.

புதிதாக வந்திருக்கிற அதிகாரி நல்ல மனிதர். மனுவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இந்த ஃபைல் கிழிக்கிற லிஸ்டுல இருக்கே மேடம். போன வாரமே லாரி வந்திருந்தா போயிருக்கும். கோப்பு இல்லன்னு ஒரு வரி எழுதிரலாமா? உங்களுக்கும் வேல மிச்சம்.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு வரி. என் கை அதையும் தானாக எழுதிவிடும். எத்தனையோ கோப்புகளுக்கு எழுதியிருக்கிறது. உன் விரலை நினைத்தேன். நான்கு இடைவெளிகளிலும் விரலை வைத்துக் காட்டினாயே, அந்த விரல்.

“இருக்கு சார். எடுத்துட்டேன்” என்றேன்.

ஜெராக்ஸ் நானே எடுத்தேன். உன் மனுவை முதலில் வைத்தேன். நகலில் வெள்ளி நிறம் வெள்ளியாக விழாது. கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது. ஏழாவது பக்கம், கம்பெனிக்குப் போன கடிதத்தின் அலுவலக நகல். கடைசி வரியை மறைக்க ஒரு துண்டுத் தாள் போதும். வைக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் “உண்மை நகல்” முத்திரை குத்தினேன். ஏழாவது பக்கத்தில் மை சரியாக விழவில்லை என்று மறுபடியும் ஒரு தடவை குத்தினேன்.

செல்வியை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தபாலில் அனுப்பியிருக்கலாம், விதி அதற்கும் இடம் கொடுக்கிறது. நின்றபடியே புரட்டினாள். உன் மனுவில் கொஞ்ச நேரம் நின்றாள். ஏழாவது பக்கம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுடைய பள்ளிக்கூட விண்ணப்பம் எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான்.

“இது ஒங்க எழுத்துல்ல சித்தி?”

“ஆமா.”

“கீழ இருக்கதும்?”

“அதும் நான்தான். எழுதக் கூடாது. பழக்கத்துல எழுதிட்டேன். அதனாலதான் அம்மா பேரு கம்பெனிக்குப் போச்சு.”

அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நான் சொல்லல.”

தாள்களை அடுக்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டாள். பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும் என்று நான் நீட்டினேன். போட்டாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, என் பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கிறாள். நல்லா இருக்கேன், பரீட்சை இருக்கு என்கிறாள். சித்தி என்று சொல்வதில்லை.

கிளார்க்கிடமும் சொன்னேன். அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப எம்மேல இல்லியா?” என்றார். பிறகு, “இத எங்க வீட்ல வந்து நீங்களே சொல்லுங்க மேடம். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. வருஷம் மூணாச்சு, இன்னமும் காதுகுத்துக்கு வராத கதைய எடுத்து என்னையத்தான் கேக்கா” என்றார். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தம்மா காபி கொடுத்தாள்.

உன் கோப்பு இப்போது கிழிக்கிற பக்கத்தில் இல்லை. புது மனு சேர்ந்ததால் இன்னும் சில வருஷம் பதிவறையில் இருக்கும். உனக்கு இதனால் எல்லாம் என்ன ஆகப் போகிறது என்று தெரியும். மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் எழுதிய பிறகும் அந்தச் சொல் வந்து ஒட்டவில்லை. கன்னம் இன்னும் மரத்தே இருக்கிறது.

அனுப்புகைக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். என் கடிதங்களை மட்டும் அவள் ஒட்டுவதில்லை, என் மேசைக்குக் கொண்டுவருகிறாள். நான் ஒவ்வொரு உறைக்குள்ளும் இரண்டு விரலை விட்டு, உள்ளே இருக்கிற தாள்களைப் பிரித்து எண்ணிப் பார்க்கிறேன். தெருவிளக்குக் கடிதமாக இருந்தாலும் அப்படித்தான். “உள்ள அப்படி என்ன மேடம் தேடுறீங்க?” என்று அவள் சிரிப்பாள். ஒண்ணுமில்லம்மா என்பேன்.

உன் பெயரைத்தான் தேடுகிறேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒட்டுகிறேன்.